இரண்டு புள்ளி

அச்சகத்தில் இயந்திரம் நின்றுபோனால் தம்பி பேச ஆரம்பிப்பான். அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே நின்றுவிட்டது. நீல மை மற்ற நிறங்களோடு சேராமல் ஒரு நூலிழை விலகி விழுந்ததில், பற்பசைப் பெட்டியில் சிரிக்கும் பெண்ணுக்கு இரண்டு வரிசை உதடுகள் வந்திருந்தன.

மாடி வீட்டிலிருந்து தேநீர்க் குவளையோடு இறங்கி வந்த அக்கா, அட்டைக் கட்டுகளின் மேல் திறந்திருந்த மடிக்கணினியைப் பார்த்தாள். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்துகொண்டிருந்தது. இயந்திரத்தை விற்ற கம்பெனியின் பொறியாளர் ஒருவர் கடல் கடந்து எங்கோ உட்கார்ந்தபடி அதற்குள் நுழைந்து கோளாறைத் தேடிக்கொண்டிருந்தார். தம்பி அவரைத் 'திரைக்காரன்' என்பான். முகம் பார்த்ததில்லை. மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். திரையின் மூலையில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

“அக்கா, உங்க ஆபீஸ்காரங்களுக்கு வேற வேலையே இல்லையா?” தம்பி ஒரு படிவத்தை விசிறி மாதிரி ஆட்டினான். “கேளு இதை. 'இக்காலாண்டில் தங்கள் நிறுவனம் அயலகத்திலிருந்து ஏதேனும் சேவை இறக்குமதி செய்துள்ளதா?' சேவையாம்! நான் என்ன முதியோர் இல்லமா நடத்தறேன்?”

“படிச்சுட்டு நிரப்பு.”

“அதுவும் இறக்குமதியாம். லாரியிலேர்ந்து இறக்கணுமா, இல்ல கிரேன் வேணுமா?” பேனாவை எடுத்தான். கட்டத்தை அடைத்துக்கொண்டு முட்டை அளவுக்கு ஒரு பூஜ்ஜியம் போட்டான். அவன் முதுகுக்குப் பின்னால் திரைக்காரனின் அம்புக்குறி ஒரு பட்டியலைத் திறந்தது. கடிகாரம் நாற்பத்தொன்றாவது நிமிடத்தைக் காட்டியது.

அக்கா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

“என்ன? சொல்ல வந்ததைச் சொல்லு.”

“உன் படிவத்தைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசக் கூடாதுடா. நீ என் தம்பி.”

“பேசாதேன்னு சொன்னா கேக்கற ஆளா நீ?”

“இதுல கேப்பேன்.”

அவள் வேலை அப்படி. நாட்டுக்குள் வெளியிலிருந்து எவ்வளவு சேவை வாங்கப்படுகிறது என்று கணக்கெடுக்கும் புள்ளியியல் அலுவலகத்தில், சிறு, நடுத்தர நிறுவனங்களின் படிவங்களைப் பார்ப்பவள் அவள். சொந்தக்காரர்களின் படிவத்தைத் தொடக் கூடாது என்பது ஒரு விதி. தொலைபேசியில் பேசும்போது கேள்வியை அச்சில் உள்ளபடியே வாசிக்க வேண்டும், விளக்கக் கூடாது என்பது இன்னொன்று. ஆறு ஆண்டுகளாக ஒப்பந்த ஊழியர். பதினோரு மாதம் வேலை, ஒரு மாதம் சம்பளமில்லாமல் வீட்டில், மறுபடி பதினோரு மாதம். இந்த முறை நிரந்தர ஆணை தயாராகி இயக்குநரின் மேசையில் கிடந்தது. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மாடி ஏறும்போது அவளுக்குப் பூஜ்ஜியம்தான் கண்ணில் நின்றது. தம்பி பொய் சொல்லவில்லை. வரி ஏய்க்கிறவனும் இல்லை. கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தான். அதுதான் அவளை உறுத்தியது.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு அரை மணி முன்னதாகவே போனாள்.

மூன்றாவது மாடியில் ஒரே அறை, இரண்டு கணக்கு. சன்னல் பக்கம் பொருள் இறக்குமதி. கழிப்பறைப் பக்கம் சேவை இறக்குமதி. சன்னல் பக்கத்தை இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆள்பவரை எல்லோரும் கப்பல் அண்ணன் என்பார்கள். குரலும் கப்பல் சங்கு மாதிரிதான். துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சுங்கம் பதிகிற ஒவ்வொரு சீட்டும் காலையில் அவர் கணினிக்கு வந்துவிடும். என்ன சாமான், எத்தனை டன், எந்த நாடு, எல்லை வந்து சேரும்வரை கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்து என்ன விலை, எல்லாம் அதில் இருக்கும். கூலியும் காப்பீடும் சாமான் அல்ல, சேவை. ஆகவே காலாண்டு முடிவில் அவற்றைக் கழித்து, அதில் வெளிநாட்டுக்காரருக்குப் போனதைக் கழிப்பறைப் பக்கம் தள்ளுவார்.

“இந்தா, என் தயவுல உனக்கு ஒரு எண்ணு,” என்பார். “எனக்குக் கப்பல் வந்து நிக்குது. உனக்கு என்னம்மா வந்து நிக்குது? காத்து.”

அக்காவுக்கு அவர் வைத்த பெயர் 'காத்துக்கணக்கு'. நம் நோயாளி வெளிநாட்டு மருத்துவமனையில் படுத்தால் அது இறக்குமதி, நம் மாணவன் வெளிநாட்டுக் கல்லூரியில் சேர்ந்தால் அதுவும் இறக்குமதி என்று அவள் முதன்முதலில் விளக்கியபோது அவர் அரை நாள் சிரித்தார். “ஆள் போறான், நீ வந்துச்சுன்னு எழுதற. நல்ல கணக்கு.”

அன்று அவர் வருவதற்குள் அக்கா ஐந்து காலாண்டுகளின் அட்டவணையை வரிசையாகப் பரப்பியிருந்தாள். வங்கிகளும் பெரிய கம்பெனிகளும் தனியாகக் கணக்கு அனுப்புகிறவர்கள். அவர்கள் எண்ணில் குழப்பமில்லை. அவள் பார்த்தது ஒரே ஒரு வரிசையை: சிறு, நடுத்தர நிறுவனங்கள் வெளியிலிருந்து வாங்கிய சேவை. கோடியில் அறுபத்துநான்கு, நாற்பத்தொன்று, பத்தொன்பது, ஆறு. இந்தக் காலாண்டுக்கு வந்திருக்கும் படிவங்களைக் கூட்டினால் அரைக் கோடிகூடத் தேறவில்லை. முழு எண்ணாக எழுதினால் பூஜ்ஜியம்.

“யாரோ குழாயை மூடின மாதிரி இருக்கு,” என்றார் கப்பல் அண்ணன், பையைக்கூடக் கீழே வைக்காமல்.

“எப்ப மூடினாங்கன்னு பாருங்க அண்ணே.”

அறுபத்துநான்குக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில் அவள் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தாள். அதுவரை படிவம் பழைய ஆட்சி மொழியில் இருந்தது. முதலாளிகளுக்குப் புரியாது. கணக்கர்கள் நிரப்பி அனுப்புவார்கள். அவர்களுக்கு அந்த அந்நியச் சொல்லின் பொருள் தெரியும். கோடு போட்ட இடத்தில்தான் படிவம் நம் மொழிக்கு வந்தது. இனி முதலாளிகளே நிரப்பலாம் என்று அலுவலகம் பெருமைப்பட்டது. இயக்குநர் தன் கையாலேயே மொழிபெயர்த்திருந்தார். விழா வைத்து வெளியிட்டார்கள். முதலாளிகளும் ஒவ்வொருவராகக் கணக்கரிடமிருந்து படிவத்தை வாங்கித் தாங்களே படித்தார்கள், தங்களுக்குத் தெரிந்த பொருளில்.

அண்ணன் படிவத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தார். “'சேவை இறக்குமதி.' ஏம்மா, இதைக் கேட்டா எனக்கே ரத்த தான வண்டி ஞாபகம்தான் வருது.”

“உங்களுக்கே வருதுன்னா?”

“எனக்கே வருது.” முதல் முறையாக அவர் சிரிக்கவில்லை.

இயக்குநர் கெட்டவர் அல்ல. யாரையும் ஒருமையில் அழைக்காதவர், மின்தூக்கியில் எல்லோரும் ஏறிய பிறகு ஏறுகிறவர். அவருடைய இழுப்பறை நிறையச் சொற்சீட்டுகள் இருந்தன. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு அந்நியச் சொல், எதிரே அவர் கண்டுபிடித்த நல்ல சொல். 'அயலகம்' அவருக்கு மிகவும் பிடித்தது. அக்கா அட்டவணையை விரித்துக் காட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சேவை நல்ல சொல்தானே அம்மா. அகராதியில இருக்கு.”

“அகராதியில இருக்கு சார். பட்டறையில இல்ல. அங்க சேவைன்னா காசு வாங்காம செய்யறது. காசு வாங்கினா வேலை.”

“மக்களுக்குச் சொல்லிக் கொடுக்கறதும் நம்ம கடமை இல்லையா?”

“சொல்லிக் குடுக்கலாம் சார். ஆனா அதுவரைக்கும் எண்ணக் கூடாது.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு கோப்பை நகர்த்தினார். அமைச்சகத்திலிருந்து வந்திருந்தது. சிறு தொழில்கள் வெளியிலிருந்து உதவி வாங்குவது அடியோடு நின்றுவிட்டதால், இயந்திரம் பழுதுபார்க்கும் ஆட்களை இங்கேயே உருவாக்கத் திட்டமிட்டிருந்த பயிற்சிக்கூடம் இனித் தேவையில்லை. அந்தப் பணம் வேறு வேலைக்குப் போகும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அட்டவணை வெளியானதும் 'சிறு தொழில்கள் தன்னிறைவு' என்று அறிக்கை வரும்.

“அமைச்சருக்குப் பேச்சு எழுதிக் குடுத்தாச்சு,” என்றார் மெதுவாக. பிறகு இன்னொரு கோப்பின் மேல் கையை வைத்தார். அது அவளுடையது. “வெள்ளிக்கிழமை ரெண்டு கையெழுத்து. அட்டவணைக்கு உங்களது. இதுக்கு என்னது. ரெண்டும் நல்லபடியா முடியட்டும்.”

அவர் மிரட்டினார் என்று சொல்ல முடியாது. தேநீர் சாப்பிடுகிறீர்களா என்றுகூடக் கேட்டார்.

இருக்கைக்குத் திரும்பியவள் தொலைபேசிக்கு மேலே ஒட்டியிருந்த அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். 'கேள்வியை அச்சில் உள்ளபடியே வாசிக்கவும். விளக்க வேண்டாம்.' காதுக்கருவியை மாட்டிக்கொண்டாள். பட்டியலில் இருநூற்று ஐம்பத்திரண்டு நிறுவனங்கள். முதல் நாற்பதைக் குறித்துக்கொண்டாள். தம்பியின் பெயர் பதினேழாவதாக வந்தது. அதைத் தாண்டிவிட்டு நாற்பத்தொன்றைச் சேர்த்துக்கொண்டாள்.

முதலில் மரச்சாமான் செய்பவர். அச்சில் உள்ளபடியே வாசித்தாள்.

“சேவையா? போன வருஷம் வெள்ளம் வந்தப்ப இருபது கட்டில் குடுத்தோம் மேடம். ஆனா அது உள்ளூர்லதான்.”

“சரிங்க, பூஜ்ஜியம்னு எழுதிக்கறேன்.” எழுதினாள். பிறகு விதியை மீறினாள். “இப்ப இன்னொரு கேள்வி. இது என் கேள்வி. வெளிநாட்டுல இருக்கற யாருக்காவது, எந்த வேலைக்காவது, இந்த மூணு மாசத்துல காசு குடுத்தீங்களா?”

“குடுக்காம? நாற்காலி டிசைன் எல்லாம் அங்கேர்ந்துதானே வருது. ஒரு டிசைனுக்கு அவன் வாங்கற காசுல நான் ஒரு தோப்பே வாங்கிடுவேன்.”

“அதை ஏங்க படிவத்துல எழுதல?”

“அது எப்படி மேடம் சேவை ஆகும்? கழுத்தை அறுக்கறான் மேடம் அவன்!”

பள்ளிப்பை தைக்கும் பெண்மணி இன்னும் தெளிவாக இருந்தார். “நான் எதையும் இறக்கலம்மா. எல்லாம் மெயில்ல வந்துச்சு.” ஐஸ் தொழிற்சாலைக்காரர் தன் குளிரூட்டியைப் பார்க்க இரண்டு பேர் விமானத்தில் வந்து நான்கு நாள் தங்கிப் போனதைச் சொன்னார். டிக்கெட், தங்குமிடம், கூலி, எல்லாம் அவர் தலையில். “அவங்க வந்து இறங்கினாங்கதான். ஆனா திரும்பப் போயிட்டாங்களே. அப்ப கணக்குல வராதுன்னு நினைச்சேன்.” பல் மருத்துவர் ஒருவர், செயற்கைப் பல்லின் அளவை வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி வடிவமைத்து வாங்குகிறவர், கோபித்துக்கொண்டார். “இதை முதல்லயே இப்படிக் கேக்க வேண்டியதுதானே! நாலு தடவை பூஜ்ஜியம் போட்டு அனுப்பிட்டேன். இப்ப நான் பொய் சொன்னவனா?”

“இல்ல டாக்டர். நாங்க தப்பாக் கேட்டோம்.”

அந்த வாக்கியத்தைச் சொன்னபோது அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. சன்னல் பக்கமிருந்து கப்பல் அண்ணன் திரும்பிப் பார்த்தார். அலுவலகத்தில் யாரும் தொலைபேசியில் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை.

புதன் மாலை கூட்டிப் பார்த்தாள். நாற்பதில் மூன்று பேர் முதலிலேயே ஒழுங்காக எண் எழுதியிருந்தார்கள். முப்பத்தேழு பூஜ்ஜியம். அதில் நான்கு பேர் பேச மறுத்தார்கள். ஆறு பேருக்கு உண்மையிலேயே ஒன்றும் இல்லை. மீதி இருபத்தேழு பேர் காசு கொடுத்திருந்தார்கள். இரண்டு கேள்வி, இரண்டு பதில், பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மேலே தேதியும் நேரமும் போட்டாள். நாற்பது பேரை வைத்து நாட்டுக்கே எண் சொல்ல முடியாது என்பது அவளுக்குத் தெரியும். புது எண் எதையும் அவள் எழுதவில்லை. பழைய எண் பொய் என்பதற்கு மட்டும் அது போதும்.

அட்டவணை மென்பொருளில் ஒரு ஏற்பாடு உண்டு. உரிய ஊழியர் கையெழுத்திடாத வரிசையில் எண் ஏறாது. அந்த இடத்தில் தானாகவே இரண்டு புள்ளி விழும். பூஜ்ஜியம் என்றால் 'இல்லை'. இரண்டு புள்ளி என்றால் 'தெரியவில்லை'. அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் அது போட்டிருக்கும். யாரும் படிப்பதில்லை.

வியாழன் மாலை தம்பி மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். “நாளைக்குத்தானே அண்ணி ஆர்டர்?”

“நாளைக்குத்தான்.”

“அப்புறம் என்ன முகம் இப்படி இருக்கு?”

“ஒரு கையெழுத்துப் போடணும். போடறதா வேண்டாமான்னு பாக்கறேன்.”

தம்பி சிரித்தான். “ஒரு கையெழுத்துக்கா இவ்வளவு? நான் ஒரு நாளைக்கு நூறு பில்லுல போடறேன். பாக்காமலே போடறேன்.”

“அதான் தெரியுமே,” என்றாள் அக்கா. வாய் தவறி வந்துவிட்டது. தம்பி தன்னைத்தான் குத்துகிறாள் என்று புரியாமல் மறுபடி சிரித்தான். பிறகு கொஞ்சம் அடங்கி, “போட்டுட்டு வாக்கா. ஆறு வருஷம் ஆச்சு. ஒவ்வொரு வருஷமும் அந்த ஒரு மாசம் நீ வீட்டுல உக்காந்து சன்னல் கம்பியைத் துடைக்கறதைப் பாக்க முடியல,” என்றான்.

உண்மைதான். சன்னல் கம்பிகள் பளபளவென்று இருந்தன.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இயக்குநர் கூப்பிட்டார். மேசையில் அட்டவணைத் தாளும் அவளுடைய கோப்பும் அருகருகே இருந்தன. அக்கா தன் இரண்டு கேள்விகளின் பட்டியலை அவற்றின் மேல் வைத்தாள். அவர் முழுக்கப் படித்தார். பல் மருத்துவர் சொன்னதைப் படித்த இடத்தில் அவர் காது சிவந்தது.

“இந்த ரெண்டாவது கேள்விக்கு யார் அனுமதி குடுத்தது?”

“யாரும் குடுக்கல சார்.”

“அப்ப இது செல்லாது.”

“செல்ல வேண்டாம் சார். நான் இந்த எண்ணைப் போடச் சொல்லல. பூஜ்ஜியம் போடாதீங்கன்னுதான் சொல்றேன். ரெண்டு புள்ளி விழட்டும்.”

“ரெண்டு புள்ளின்னா நமக்கு எதுவும் தெரியாதுன்னு ஊருக்கே சொல்ற மாதிரி.”

“தெரியாதுதானே சார்.”

“பூஜ்ஜியம் கௌரவமான எண் அம்மா. ரெண்டு புள்ளி அவமானம்.”

“தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றதுல என்ன சார் அவமானம்? இருக்கறதை இல்லைன்னு சொல்றதுதான். நான் போட மாட்டேன்.”

இயக்குநர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “ஒரு சொல்லுக்காக வேலையை விடறீங்களா?”

“சொல் உங்களுது சார். கையெழுத்து என்னுது.”

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் உட்காரவில்லை.

அவர் மணியடித்துக் கப்பல் அண்ணனை வரவழைத்தார். பொறுப்பு ஊழியராக அவர் கையெழுத்திட்டாலும் செல்லும். அண்ணன் தாளை வாங்கி, நீட்டிய கையில் தூரமாகப் பிடித்துப் படித்தார்.

“போடுங்க. நேரமாகுது.”

“சார், இருபத்திரண்டு வருஷமா நான் வந்து இறங்கினதுக்குத்தான் கையெழுத்துப் போடறேன். சாமான் எங்க இருக்கு, காட்டுங்க. போட்டுடறேன்.”

“இது சேவைங்க. சாமான் எதுவும் இருக்காது. காசு மட்டும்தான் போகும்.”

“அதை அப்படியே படிவத்துல எழுதியிருந்தா அந்த முப்பத்தேழு பேருக்கும் புரிஞ்சிருக்கும் சார்,” என்று சொல்லித் தாளை மேசையில் வைத்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். அக்காவைப் பார்க்காமலே வெளியே போனார்.

பதினொரு மணிக்கு அட்டவணை வெளியானது. முப்பத்தெட்டு வரிசையில் முப்பத்தேழில் எண். ஒன்றில் இரண்டு புள்ளி. பதினொன்றேகாலுக்கு அமைச்சகத்திலிருந்து தொலைபேசி வந்தது. இயக்குநரின் அறைக் கதவு மூடியிருந்தது. 'சிறு தொழில்கள் தன்னிறைவு' என்ற அறிக்கை அன்று வரவில்லை. மறுநாள் வருமா என்று யாருக்கும் தெரியாது.

நான்கு மணிக்கு அலுவலக உதவியாளர் ஒரு உறையை நீட்டினார். கடைசி நிமிடத்தில் மனம் மாறி ஆணையை அனுப்பிவிட்டாரோ என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. பிரித்தாள். விளக்கம் கேட்கும் குறிப்பாணை.

'...அனுமதி பெறாத பின்வரும் கேள்வியைத் தாங்கள் தொலைபேசி வழியே கேட்டுள்ளீர்கள்: வெளிநாட்டில் இருக்கும் யாருக்காவது, எந்த வேலைக்காவது, இந்த மூன்று மாதத்தில் பணம் கொடுத்தீர்களா? இதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் தருக.'

கப்பல் அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். “'காசு'ங்கறதைப் 'பணம்'னு ஆக்கியிருக்கார். மத்தபடி கை வைக்கல. 'அயலகம்'கூடப் போடல பாரு.” குரலைத் தாழ்த்த முயன்றார். அது மாடி முழுக்கக் கேட்டது. “உன் கேள்விக்குக் கோப்பு எண் விழுந்துடுச்சும்மா.”

'பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில் அக்கா முழுக் கையெழுத்துப் போட்டாள். தேதி எழுதினாள். நேரமும் எழுதினாள். பிறகு அதை ஒரு நகல் எடுத்து வந்து, தொலைபேசிக்கு மேலே 'விளக்க வேண்டாம்' அட்டை இருந்த இடத்தில் ஒட்டினாள். அந்த அட்டை அதற்கு அடியில் போனது.

அச்சகத்துக்குத் திரும்பியபோது இயந்திரம் மறுபடி நின்றிருந்தது. இந்த முறை சிவப்பு. மடிக்கணினியில் அம்புக்குறி தானாக நகர்ந்தது.

“ஆர்டர் வந்துச்சா?” என்றான் தம்பி.

“இல்ல.”

“ஏன்? கையெழுத்துப் போடலையா அவரு?”

“முதல்ல நான் போடல.”

தம்பி கையிலிருந்த மைத் துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். “எதுக்குக்கா?”

“உன்கிட்ட சொல்லக் கூடாது.”

“மறுபடியும் ஒரு மாசம் சன்னல் கம்பியா?”

“அதுக்கப்புறம் கூப்பிடுவாங்களோ இல்லையோ.” அவள் ஒரு அட்டைக் கட்டை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “மேசையைக் கொஞ்சம் குடு. எழுதணும்.”

அவன் மைப் புட்டிகளை ஒதுக்கினான். துணியால் மேசையைத் துடைத்தான். அது இன்னும் அழுக்கானது. அதன் மேல் அவள் ஒரு வீணான பற்பசை அட்டையை விரித்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் தாளை வைத்து, விளக்கத்தை எழுதினாள்.

'ஆம், கேட்டேன். நாற்பது பேரிடம் கேட்டேன். பட்டியலில் மீதமுள்ள இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடமும் அதே கேள்வியைக் கேட்க அனுமதி கோருகிறேன். என் ஒப்பந்தம் முடியப் பத்தொன்பது வேலை நாட்கள் இருக்கின்றன. நாளுக்குப் பன்னிரண்டு பேர் வீதம் போதும். அனுமதி வரும்வரை திங்கட்கிழமை காலை ஒன்பது மணி முதல் கேட்டுக்கொண்டிருப்பேன்.'

படித்துப் பார்த்தாள். பக்கத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி திரையை முறைத்தபடி, “மணிக்கணக்கு ஏறுது பாரு, நகரவே மாட்டேங்கறான்,” என்று திரைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தான்.

அக்கா பேனாவை மறுபடி திறந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டை அடித்து இருநூற்றுப் பதினொன்று என்று திருத்தினாள். அடியில் ஒரு வரி சேர்த்தாள்: 'ஒருவர் என் தம்பி. அவரைப் பொருள் இறக்குமதிப் பிரிவு அலுவலர் கேட்பார்.'